முக்காலி நின்ற இடங்கள்

ஜூன் 29, ஞாயிறு. மிலான்

நவிலியோ கிராந்தே என்ற கால்வாயின் இரண்டு கரையிலும் மாதக் கடைசி ஞாயிறன்று பழம்பொருள் சந்தை போடுகிறார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நின்றுபோன கடிகாரங்கள், பித்தளைச் சாமான்கள், யார் வீட்டுக் கல்யாண ஆல்பமோ ஒன்று. பாதி தூரம் நடந்த பிறகு ஒரு கடையில் நான் பார்க்க ஆசைப்பட்ட பொருள் இருந்தது. தேக்கு நிறத்தில் ஒரு மரப்பெட்டி, முன்னால் லென்ஸ், வலப்பக்கம் வளைந்த இரும்புக் கைப்பிடி. கையால் சுற்றும் சினிமா கேமரா.

கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் நின்ற நிலையைப் பார்த்து, சுற்றிப் பாருங்கள் என்று கையாலேயே சொன்னார். உள்ளே ஃபிலிம் இல்லை. ஆனாலும் பற்சக்கரங்கள் கடித்து ஓடும் சத்தம் கேட்டது. அசப்பில் பழைய தையல் மிஷின் சத்தம்தான். நான் வேகமாகச் சுற்றிவிட்டேன். அவர் தலையை ஆட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஒரு சுற்றுக்கு எட்டு ஃபிரேம், விநாடிக்கு இரண்டு சுற்று. அந்த வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் திரையில் ஆள் மெதுவாக நடப்பான், குறைந்தால் துள்ளி ஓடுவான்.

"மாமா, அந்தக் காலத்துல இவங்க ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கிட்டே சுத்துவாங்களாம். தாளம் தப்பாம இருக்க" என்று அக்கா மகன் மொழிபெயர்த்தான்.

எனக்குத் தெரிந்த தாளம் தகதிமிதான். தகதிமி, தகதிமி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. நாலைந்து தடவைக்குப் பிறகு கை பழகிவிட்டது. கடைக்காரர் சிரித்துவிட்டு விலையைச் சொன்னார். நான் எடுக்கும் நாலு கல்யாணத்தின் கூலி. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

நான் மதுரைப் பக்கம் இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அக்கா மகன் இங்கே பொலிடெக்னிகோ பல்கலைக்கழகத்தில் டிசைன் படிக்கிறான். அவன் கூப்பிட்டபோதே சொல்லிவிட்டேன், நான் வருவது லூக்கா கொமேரியோ நின்ற இடங்களைப் பார்க்க. 1878 நவம்பர் 19-ல் இதே மிலானில் பிறந்தவர். ஃபோட்டோகிராபராகத் தொடங்கி, இத்தாலியில் சினிமா வளரத் தொடங்கிய காலத்திலேயே கேமராவைச் சுற்றத் தொடங்கியவர். பூகம்பம், சைக்கிள் பந்தயம், அரசரின் கப்பல் பயணம், இரண்டு போர் என்று எல்லாவற்றிலும் அவர் முக்காலி நின்றிருக்கிறது. படம் எடுக்கிறவன் இன்னொருவன் எடுத்த படத்தைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வி, இதை எங்கே நின்று எடுத்தான் என்பதுதான். இந்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் வேலை.

சாயங்காலம் டுவோமோ சதுக்கம். தேவாலயத்தின் வெள்ளைச் சலவைக்கல் முகப்பின் முன்னால் ஊரே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. நான் கைபேசியில் 1898 மே மாதத்துப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தேன். அந்தப் படத்தில் இதே சதுக்கத்தில் படைவீரர்கள் முகாமிட்டிருக்கிறார்கள்.

முந்தைய வருடம் விளைச்சல் பொய்த்தது. அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டதால் கடல் வழியாக வரும் கோதுமையும் குறைந்தது. ரொட்டி விலை ஏறியதும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜெனரல் பாவா பெக்காரிஸ் அவர்கள் மீது பீரங்கியைத் திருப்பினார். நாலு நாளில் செத்தவர்கள் அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே 80 பேர் வரும். அதைவிட அதிகம் என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. அந்தத் தெருக்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த கொமேரியோவுக்கு அப்போது வயது 19. நம் பையன்கள் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் வயது.

ஜூன் 30, திங்கள். போவிசா

கதோர்னா நிலையத்தில் ரயில் ஏறினால் போவிசா பக்கம்தான். அக்கா மகனின் வகுப்பும் அங்கேதான். ஒரு காலத்தில் ஆலைப் பகுதி. எரிவாயு ஆலையின் இரண்டு பெரிய இரும்புக் கூடுகள் இன்னும் வானத்தில் வட்டமாக நிற்கின்றன.

கொமேரியோ 1907, 08 வாக்கில் சொந்தமாகப் படக்கம்பெனி தொடங்கினார். 1908-ல் அது சாஃபி-கொமேரியோ ஆனது. அந்த வருடம் டிசம்பர் 28 விடியற்காலையில் மெஸ்ஸீனா பூகம்பம். ஒரு நகரமே தரைமட்டமானது, அப்புறம் கடல் ஏறி வந்தது. இடிபாடுகளைப் படம் எடுக்கப் போனவர்களில் இவரும் ஒருவர். மறு வருடம் மே மாதம் முதல் ஜிரோ சைக்கிள் பந்தயம் மிலானிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பியது. அதையும் இவர் கம்பெனி படமெடுத்தது. கவி தாந்தேயின் காவியத்தில் வரும் நரகத்தைப் படமாக்கும் வேலையும் இந்தக் கம்பெனியில்தான் தொடங்கியது. 1909 அக்டோபரில் மிலானில் நடந்த சினிமாப் போட்டியில் சில காட்சிகளைத் திரையிட்டும் காட்டினார்கள்.

அந்த வருட முடிவிலேயே கம்பெனி கைமாறிவிட்டது. நகரத்துப் பிரபுக்கள் பணம் போட்டார்கள், பெயர் மிலானோ ஃபில்ம்ஸ் என்று மாறியது. தொடங்கியவர் பெயர் பலகையிலிருந்து போனது, கொஞ்ச நாளில் ஆளும் வெளியே வந்துவிட்டார். நரகத்தை முடித்தவர்கள் பெர்தொலீனி, பதோவான், தே லிகுவோரோ என்ற மூன்று இயக்குநர்கள். கேமரா எமீலியோ ரொங்கரோலோ. 1911 மார்ச்சில் நேப்பிள்ஸில் மெர்கதாந்தே அரங்கில் முதல் காட்சி. அப்போது படங்கள் பத்து, பதினைந்து நிமிடத்தோடு முடிந்துவிடும். இது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

அந்த மூவரில் ஒருவரான ஜுசெப்பே தே லிகுவோரோவின் மகன் எவ்ஜேனியோ பிற்பாடு கல்கத்தாவுக்கு வந்து மதன் தியேட்டர்ஸுக்காக நள தமயந்தி எடுத்தார் என்று அக்கா மகனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினான்.

மிலானோ ஃபில்ம்ஸ் படப்பிடிப்புத் தளம் இருந்தது பால்தினூச்சி தெருவில். கூரையும் சுவரும் கண்ணாடியாகக் கட்டிய தளம். அன்றைய ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், மின்விளக்கை நம்பி எடுக்க முடியாது, சூரியன்தான் லைட்மேன். தெருவை இரண்டு தடவை முழுக்க நடந்தேன். குடியிருப்புகள், பட்டறைகள், ஒரு காபிக் கடை. இங்கேதான் நரகம் எடுத்தார்கள் என்று சொல்லும் பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. காபிக் கடை அம்மாளிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே என்று.

மாலையில் போர்த்தா வெனேசியாவில் மெட்ரோ இறங்கி வியாலே பியாவே வரை நடந்தோம். கப்புச்சின் துறவிகளின் மடம் அங்கே இருக்கிறது. 1898-ல் கலவரக்காரர்கள் உள்ளே ஒளிந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் படை இந்த மடத்தின் மதிலைப் பீரங்கியால் உடைத்தது. உள்ளே இருந்தவர்கள் துறவிகளும், சூப் வாங்க வந்து காத்திருந்த பிச்சைக்காரர்களும்.

இன்றைக்கும் அங்கே ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். நாங்கள் போனபோது வரிசை நின்றது. எல்லா நாட்டு முகமும் அதில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டு, தலையைப் படிய வாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றிருந்தார். நான் லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அக்கா மகன் கேட்டான்: "சரி மாமா, அவர் யார் பக்கம் நின்னாரு? ஜனங்க பக்கமா, பட்டாளத்துப் பக்கமா?"

நான் பார்த்த படங்களை வைத்துச் சொன்னால், பெரும்பாலும் பட்டாளத்தின் பின்னால்தான். குண்டு வருகிற பக்கம் நின்று முக்காலி போட முடியாது என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்தப் பீரங்கி ஜெனரலுக்கு அரசர் உம்பெர்த்தோ பதக்கம் கொடுத்தார். அதற்குப் பழிவாங்க கயெத்தானோ பிரேஷி என்ற நெசவாளி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து 1900 ஜூலை 29-ல் மொன்சாவில் அரசரைச் சுட்டான். அடுத்துப் பட்டத்துக்கு வந்த மகனின் அரண்மனைக்கு ஃபோட்டோகிராபராகப் போனவர் கொமேரியோ.

ஜூலை 1, செவ்வாய். மிலான்

வெக்கை தாங்காமல் பகல் முழுக்க ஜன்னல் பலகையைச் சாத்திக்கொண்டு அறையிலேயே கிடந்தோம். அக்கா மகனின் மடிக்கணினியில் படம் பார்த்தோம்.

காய்ந்த சருகு மாதிரி வெடித்துப் போன ஒரு படச்சுருளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அன்றைய ஃபிலிம் நைட்ரேட். தீக்குச்சி போலப் பற்றிக்கொள்ளும். பற்றாமல் தப்பித்தாலும் பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும். முதலில் படம் மங்கும், அப்புறம் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூள்தான் மிஞ்சும்.

கொமேரியோ தன் தொழிலின் கடைசிக் காலத்தில், 1920-களின் பிற்பகுதியில், கையிலிருந்த பழைய படங்களைத் தொகுத்து ஒரு நீளப் படம் செய்தார். பெயர் 'துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை'. எல்லாம் அவரே எடுத்ததல்ல. டூரினைச் சேர்ந்த கேமராக்காரர் ஜொவான்னி விட்ரோத்தி காக்கசஸ் மலைக்குப் போய் எடுத்த காட்சிகள்கூட அதில் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் யெர்வன்ட் ஜானிக்கியான், ஆஞ்செலா ரிச்சி லூக்கி என்ற தம்பதி மிலானில் அவருடைய சேகரிப்பைக் கண்டெடுத்தார்கள். ஃபிலிம் சுருங்கி, ஓரத்துத் துளைகளின் அளவே மாறிப் போயிருந்தது. எந்த மிஷினிலும் ஓட்ட முடியாது. அவர்களே ஒரு கேமராவைக் கட்டி, கையால் நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகத் திரும்பப் படம் பிடித்தார்கள். 1986-ல் அதே பெயரில் வெளிவந்தது அவர்களுடைய படம்.

அதைத்தான் இன்று பார்த்தோம். எல்லாம் மெதுவாக நகர்கிறது. மலைக்குள் புகுந்து புகுந்து வெளியேறும் ரயில், பனிக்கடலில் சுட்டுக் கொல்லப்படும் கரடி, ஆப்பிரிக்காவில் வேட்டை, பிறகு போர். வேகமாக ஓடினால் வேடிக்கையாகக் கடந்து போயிருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் நின்று நின்று போவதால் துப்பாக்கி வைத்திருப்பவனின் முகமும் தெரிகிறது, எதிரில் இருக்கிறவனின் முகமும் தெரிகிறது. கேமரா யார் தோளுக்குப் பின்னால் நின்றது என்பதும் தெரிந்துவிடுகிறது. 1911-ல் இத்தாலி லிபியாவைப் பிடிக்கப் போனபோது கொமேரியோவும் போனார். விமானத்திலிருந்து முதன்முதலாகக் குண்டு போட்ட போர் அது. அங்கே அவர் முக்காலி, படையெடுத்து வந்தவர்கள் பக்கம்தான் இருந்தது. அவருடைய உழைப்பை எவ்வளவு மதித்தாலும் இது என் மனதுக்கு ஒப்பவில்லை, ஒப்பவும் வேண்டாம்.

ஆனால் அந்தச் சுருள்கள் தூளாகப் போயிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இடமிருந்திருக்காது. இதை நான் சும்மா சொல்லவில்லை. என் கடையின் மேல் பரணில் முந்நூற்றுக்கு மேல் கல்யாண கேசட் கிடக்கிறது. போன ஐப்பசியில் ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா கல்யாணத்தை எடுத்தவன் நான். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. அவரு குரல் வேற எதுலயும் இல்ல. பந்தியில யாரையோ சாப்பிடச் சொல்லிக் கூப்பிடுவாரே, அது மட்டும் கிடைச்சாப் போதும்" என்றாள். கேசட்டை எடுத்துப் பிரித்தேன். நாடா ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. மூன்று நாள் உட்கார்ந்து துடைத்தேன். பந்திக் காட்சியில் பதினொரு விநாடி கிடைத்தது. குரல் இரண்டு வார்த்தை. அதற்கே அவள் என் கடை வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஜூலை 2, புதன். தெமு

பிரேஷா வரை பெரிய ரயில். அங்கிருந்து எதோலோவுக்கு டீசல் வண்டி, இடப்பக்கம் இஸேயோ ஏரி நீளமாகக் கூடவே வந்தது. ஏரி முடிந்ததும் வால்கமோனிகா பள்ளத்தாக்கு. காப்போ தி போந்தே நிறுத்தத்தில் வண்டி நின்றபோது எட்டிப் பார்த்தேன். இந்தப் பள்ளத்தாக்கின் பாறைகளில் ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன்பே மனிதர்கள் வேட்டையையும் சண்டையையும் கொத்தி வைத்திருக்கிறார்கள். இறங்கிப் பார்க்க நேரமில்லை, வருத்தம்தான்.

எதோலோவிலிருந்து பஸ். தெமு சின்ன மலைக் கிராமம், காற்றில் வெட்டிய புல் வாசம். இங்கே 'வெள்ளைப் போர்' அருங்காட்சியகம் இருக்கிறது. 1915 முதல் 1918 வரை இத்தாலியும் ஆஸ்திரியாவும் இந்த அதமெல்லோ மலைத்தொடரில், மூவாயிரம் மீட்டருக்கு மேலே, பனிப்பாறை மீது நின்று சண்டை போட்டார்கள். குண்டோடு போட்டி போட்டுக்கொண்டு குளிரும் பனிச்சரிவும் ஆள்களைக் கொன்றன. இப்போது பனிப்பாறை உருக உருக, அன்று புதைந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

ஒரு பொருளின் முன்னால் வெகுநேரம் நின்றேன். வைக்கோலில் முடைந்த காலணி. காவலுக்கு நிற்கிறவர்கள் பூட்ஸுக்கு மேலே இதைப் போட்டுக்கொள்வார்களாம், கால் விறைத்துப் போகாமல் இருக்க. வைக்கோலை முறுக்கி, சுற்றுச் சுற்றாக வைத்துத் தைத்திருக்கிறது. எங்கள் ஆத்தா பானை வைக்க முறுக்கும் பிரிமணையேதான். அவள் உள்ளங்கையில் நீர் தெளித்து வைக்கோலை முறுக்குவாள், ஒரு முறுக்குக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி இருக்காது. இதை முடைந்த கையும் அப்படித்தான் முடைந்திருக்கிறது. ஒரு காலணியின் குதிகால் பக்கம் தேய்ந்து வைக்கோல் பிரிந்திருந்தது. ஒரே இடத்தில் நின்று நின்று குதிகாலை மாற்றி மாற்றி அழுத்தியவன் யாரோ.

1916 குளிர்காலத்தில் இந்த ஊரிலிருந்துதான் ஆறு டன் எடையுள்ள 149 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றைக் கழற்றி, சறுக்கு வண்டிகளில் வைத்து, மனிதர்களே இழுத்து மேலே ஏற்றினார்கள். பெயர் இப்போபோத்தமோ, நீர்யானை. பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் கரிபால்தி கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் திரும்ப இறக்கவில்லை. இன்றும் க்ரெஸ்தா குரோச்சே முகட்டில், 3,200 மீட்டருக்கு மேலே நிற்கிறது. மலையேறுகிறவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களாம். என் முழங்கால் அதற்கு ஒத்துவராது.

ஜூலை 3, வியாழன். தொனாலே, ப்ரெசேனா

தொனாலே கணவாய் 1,883 மீட்டர். அங்கிருந்து ரோப் கார் பரதீசோ கணவாய்க்கு ஏறுகிறது, 2,585 மீட்டர். போர்க் காலத்தில் குடைந்த சுரங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. உள்ளே இருட்டில் போரின் சத்தங்களை ஒலிபரப்புகிறார்கள். காற்று, பூட்ஸ் காலடி, யாரோ இருமுவது. அக்கா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் பிடித்த மாதிரி.

இன்னும் ஏறினால் மூவாயிரம் மீட்டர். ப்ரெசேனா பனிப்பாறை மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை அகலப் பாயாக விரித்து, ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். கோடையில் பனி உருகாமல் இருக்க 2008 முதல் ஒவ்வொரு வருடமும் இப்படி மூடி, குளிர் தொடங்கும்போது சுருட்டி எடுக்கிறார்களாம். துணிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

உச்சியில் நின்றால் எதிரே அதமெல்லோவின் பெரிய பனிவெளி. நான் தேடி வந்த இடம் அது. கொமேரியோ 1916-ல் எடுத்த 'அதமெல்லோவில் மூவாயிரம் மீட்டரில் இத்தாலியின் போர்' என்ற படத்தைச் செவ்வாயன்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தோம். வெள்ளை உடுப்பு போட்ட ஆல்பினி என்ற மலைப்படை வீரர்கள் எறும்புச் சாரை மாதிரி பனியில் நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத வெண்மை.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். வெள்ளைப் பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியும் மதிய வெயிலில் வந்து நின்றாலே நமக்குக் கை நடுங்கும். அங்கே தரை வெள்ளை, உடுப்பு வெள்ளை. அன்றைய ஃபிலிம் நீலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும், அதனால் வானமும் வெள்ளையாகிவிடும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது, கண்ணால் பார்த்து லென்ஸைத் திறக்க வேண்டியதுதான். எடுத்ததைத் திரும்பப் பார்க்கவும் முடியாது. குளிரில் ஃபிலிம் விறைத்து ஒடியும், வேகமாக ஓட்டினால் உள்ளுக்குள் பொறி தட்டி மின்னல் மாதிரி கோடு விழும். கையுறையைக் கழற்றாமல் ஃபிலிம் மாட்ட முடியாது, கழற்றினால் விரல் போகும். இத்தனைக்கும் நடுவில் தாளம் தப்பாமல் சுற்ற வேண்டும். பெட்டி, முக்காலி, சுருள் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள் தனியாகத் தூக்கி ஏறக்கூடிய சுமையும் இல்லை. கூடச் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

அந்தப் படத்தில் வரிசையாகப் போகிறவர்களில் சிலர் கேமராவைத் திரும்பிப் பார்ப்பார்கள். சிரிப்பதில்லை. பார்த்துவிட்டுத் திரும்பவும் முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்து நடப்பார்கள்.

கைபேசியில் ஒரு ஃபிரேமை நிறுத்தி வைத்துக்கொண்டு முகடுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அப்புறம் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1916-ல் எல்லை இந்தப் பக்கமாகப் போனது. நான் நின்றுகொண்டிருந்தது ஆஸ்திரியர்கள் வைத்திருந்த பக்கம். ப்ரெசேனா இத்தாலியின் கைக்கு வந்தது 1918 மே மாதச் சண்டையில். அதாவது கொமேரியோ எந்தத் திசையை நோக்கிக் கேமராவை வைத்தாரோ, அந்தத் திசையில் நான் நின்றேன். அவருடைய முக்காலிக்கு எதிரே. வைக்கோல் காலணி போட்டவர்கள் இங்கே எங்கேயோதான் நின்றிருப்பார்கள்.

"கெளம்பலாம் மாமா, கடைசி வண்டி போயிரும்" என்று அக்கா மகன் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

திரும்பும் ரயில். முழுக்கத் தூக்கம்.

ஜூலை 5, சனி. லிம்பியாத்தே, மொம்பெல்லோ

மஞ்சள் மெட்ரோவின் கடைசி நிறுத்தம் கொமாசினா. அங்கிருந்து லிம்பியாத்தேவுக்கு முன்பெல்லாம் டிராம் ஓடியது. கடைசி நிறுத்தத்தின் பெயர் 'லிம்பியாத்தே ஆஸ்பத்திரி'. இப்போது தடத்தைப் புதுப்பிக்க டிராமை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் பஸ் விட்டிருக்கிறார்கள். தண்டவாளத்தின் நடுவே காட்டுச்செடி முளைத்திருக்கிறது.

1917-க்குப் பிறகு போர்முனையில் படமெடுப்பதை ராணுவமே தன் கையில் எடுத்துக்கொண்டது. போர் முடிந்தது. 1924-ல் லூச்சே வந்தது, முஸ்ஸோலினி ஆட்சியின் செய்திப்பட நிறுவனம். அதற்குப் பிறகு செய்திப்படம் என்றால் அவர்கள்தான். தனியாக ஒரு மனிதர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்துவந்து விற்கிற காலம் முடிந்துவிட்டது. கொமேரியோவுக்கு லூச்சேயில் இடம் கிடைக்கவில்லை. கடன், நோய். நினைவு தப்ப ஆரம்பித்தது. கடைசியில் இங்கே, மொம்பெல்லோ மனநோய் மருத்துவமனையில், 1940 ஜூலை 5-ல் இறந்தார். இத்தாலி இன்னொரு போரில் இறங்கி 25 நாள்தான் ஆகியிருந்தது. வயது 61. இன்றைய தேதிக்காகத்தான் இந்தப் பயணத்தையே இந்த வாரத்தில் வைத்தேன்.

மொம்பெல்லோ மேட்டில் பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. 1797-ல் நெப்போலியன் தங்கிய இடம். பிற்பாடு மிலான் மாகாணத்தின் மனநோய் மருத்துவமனை. 1978-ல் இப்படிப்பட்ட மருத்துவமனைகளை மூடச் சட்டம் வந்தது. பிறகு நோயாளிகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, கட்டடங்கள் அப்படியே விடப்பட்டன. கம்பி வேலிக்குப் பின்னால் நீளநீளமான மஞ்சள் வார்டுகள், கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், சுவரெல்லாம் பெயின்ட் கிறுக்கல். ஒரு வார்டின் கூரையிலிருந்தே மரம் முளைத்திருக்கிறது. உள்ளே போகக் கூடாது என்று பலகை. நாங்கள் போகவில்லை.

அவர் எந்த வார்டில் இருந்தார் என்று தெரிந்தால், அந்த ஜன்னலுக்கு எதிரே ஐந்து நிமிடம் நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். காவலாளி நல்ல மனிதர், ஆனால் அவருக்கு இந்தப் பெயரே புதிது. எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டார். "ஒப்பெராத்தோரே" என்று அக்கா மகன் சொன்னான். கேமரா சுற்றுகிறவர்களை அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு விளங்கவில்லை. நான் வலக்கையை எடுத்து, இல்லாத கைப்பிடியைச் சுற்றிக் காட்டினேன். "ஆ, சினிமா!" என்றார், முகம் மலர்ந்து.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வேலி ஓரமாக ஒரு மர நிழல் கிடைத்தது. அறுபது மீட்டர் ஃபிலிம் ஒரு சுருள் என்று வைத்துக்கொண்டால் மூன்று நிமிடமும் சொச்சமும் ஓடும். ஏறத்தாழ 390 சுற்று.

"மாப்ள, மணி பாரு" என்றேன்.

என்ன ஏது என்று கேட்காமல் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மஞ்சள் கட்டடத்தைப் பார்த்து நின்று, வலக்கையால் சுற்ற ஆரம்பித்தேன். தகதிமி, தகதிமி. நூறு தாண்டியதும் தோள்பட்டை வலித்தது. இருநூற்றைம்பதில் ஒரு தடவை தாளம் பிசகிச் சரிசெய்துகொண்டேன். ஜன்னலுக்குள்ளே ஒரு புறா வந்து உட்கார்ந்து திரும்பிப் பறந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு, மாமா" என்றான். பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது.